போசணை சுற்றுகிறது என்றால் வயலுக்கு ஏன் ஒவ்வொரு போகமும் பசளை?

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடிப் பக்கம் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இது: "சூழற்றொகுதியில் சக்தி ஒருவழியாகப் பாய்கிறது, போசணைப் பொருள்கள் சுற்றி வருகின்றன என்று படிக்கிறோம். செத்ததை உக்கவைக்கும் பிரிகையாக்கிகள் போசணையைத் திருப்பிக் கொடுக்கின்றன என்றால் சக்தியை ஏன் திருப்பிக் கொடுப்பதில்லை? போசணை உண்மையாகவே சுற்றி வருகிறது என்றால் அப்பா ஏன் ஒவ்வொரு போகத்துக்கும் யூரியா மூடை வாங்குகிறார்?"

முதல் கேள்விக்குப் பதில் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, கொஞ்சம் விரித்துச் சொன்னால் போதும். இரண்டாவதுதான் உண்மையில் நல்ல கேள்வி. அதைக் கேட்காமலே பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்துவிடலாம், ஆனால் விசயம் விளங்கியிருக்காது.

சுருக்கமாகச் சொன்னால் இப்படி: சக்தி கடைசியில் வெப்பமாகி வெளியேறிவிடும், அந்த வெப்பத்தை எந்த இலையாலும் பிடிக்க முடியாது. நைதரசன், பொசுபரசு போன்ற அணுக்கள் அழிவதில்லை, ஆனால் இடம் மாறும். நெல்லோடு சேர்ந்து லொறியில் ஏறி வேறு மாவட்டத்துக்கும் போகும். காட்டில் ஏறத்தாழ மூடிய வட்டமாக இருப்பது வயலில் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. இனி விரிவாகப் பார்ப்போம்.

சக்தியிலிருந்து தொடங்குவோம். சிறுபோகக் காலத்தில் நமது பகுதியில் ஒரு சதுர மீற்றர் நிலத்தின் மேல் ஒரு நாளைக்குச் சுமார் 5 கிலோவாற்று மணி சூரிய சக்தி விழுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது 18 மெகாயூல். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீற்றர். மூன்றரை மாத நெல்லுக்கு 105 நாள். பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 76 இலட்சம் மெகாயூல் வரும். அந்த ஏக்கரில் 2,000 கிலோ நெல் விளைந்தால், கிலோவுக்கு 15 மெகாயூல் வீதம் அதில் இருப்பது 30,000 மெகாயூல். ஆயிரத்தில் நான்கு பங்கு. வைக்கோலைச் சேர்த்தாலும் ஆயிரத்தில் எட்டோ ஒன்பதோ, அவ்வளவுதான்.

மிச்சம் எங்கே போனது? சூரிய ஒளியில் பாதிக்கு மேல் ஒளித்தொகுப்புக்கு உதவாத அலைநீளங்களில் இருக்கிறது. பயிர் மூடி வளரும் வரைக்கும் வெயில் தண்ணீரிலும் சேற்றிலும்தான் விழுகிறது. பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. பிடித்த சக்தியிலும் ஒரு பங்கை நெற்பயிர் தன் சுவாசத்துக்கே செலவழிக்கிறது. உணவுச் சங்கிலியில் முதல் உயிர் வாய் வைக்கும் முன்னமே கணக்கு இந்த நிலைக்கு வந்துவிடும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு போசணை மட்டத்திலும், அதாவது உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும், மீண்டும் இழப்பு. "பத்து வீதம் மேலே போகும்" என்ற விதி 1942இல் றேமண்ட் லிண்டெமன் எழுதிய கட்டுரையில் வேர் கொண்டது. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்து, உயிர்களை எண்ணுவதற்குப் பதிலாகச் சக்தியைக் கணக்கிட்டவர் அவர். கட்டுரை அச்சில் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், 26 வயதில் இறந்துபோனார். பத்து என்பது ஒரு சராசரி மட்டும். புளோரிடாவின் சில்வர் ஸ்பிறிங்ஸ் நீரூற்றில் ஹவார்ட் ஓடம் எடுத்து 1957இல் வெளியிட்ட அளவுகளைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு சதுர மீற்றருக்குத் தாவரங்கள் பிடித்தது 20,810 கிலோகலோரி. தாவரவுண்ணிகளுக்குப் போனது 3,368. முதல்நிலை ஊனுண்ணிகளுக்கு 383. உச்சியில் இருந்தவற்றுக்கு 21. வீதமாகப் பார்த்தால் பதினாறு, பதினொன்று, ஐந்தரை. எந்தப் படியிலும் சரியாகப் பத்து இல்லை.

இதே கணக்குத்தான் மட்டக்களப்பு வாவியிலும். பாசியையும் சேற்றின் மேல் படிந்த உக்கலையும் மேய்கிற மணலை மீன் கூட்டமாகக் கிடைக்கிறது. சின்ன மீனையும் இறாலையும் பிடித்துத் தின்னும் கொடுவா அந்த அளவுக்குக் கிடைப்பதில்லை. அதற்கும் மேலே இருக்கும் வெண்வயிற்றுக் கடற்கழுகை வாவிக் கரையில் ஒன்றோ இரண்டோ பார்த்தாலே அதிகம். சந்தையில் கொடுவா விலைக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனாலும் அதில் ஒரு பங்கு மேலே போகப் போக ஒடுங்கும் இந்தச் சக்திக் கூம்பகத்துக்குச் சேர வேண்டியது.

சரி, வெப்பம் ஏன் திரும்பி உதவாது? பச்சையம் பிடிக்கிற ஒளி 400 முதல் 700 நனோமீற்றர் அலைநீளம் கொண்டது. உயிரினங்களின் உடம்பும் சேறும் தண்ணீரும் விடுகிற வெப்பக் கதிர் 10,000 நனோமீற்றரை ஒட்டி இருக்கிறது. அலைநீளம் கூடினால் ஒவ்வொரு ஒளித்துணிக்கையின் சக்தியும் குறையும். அந்தத் துணிக்கைகள் எத்தனை கோடி வந்து விழுந்தாலும் பச்சையத்தின் ஒரு இலத்திரனைக்கூடத் தேவையான உயரத்துக்குத் தூக்க முடியாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்று எழுதுகிறோமே, இலையின் அளவில் அதற்கு இதுதான் பொருள். கடைசியில் அந்த வெப்பம் வானவெளிக்குப் போய்விடும். நாளைய சக்திக்கு நாளைய வெயில்தான் வர வேண்டும்.

இனி பிரிகையாக்கிகள். பாடப்புத்தகம் இவற்றை ஏதோ தொண்டு செய்பவை போலக் காட்டுகிறது. அப்படி ஒன்றுமில்லை. பற்றீரியாவும் பங்கசும் சக்திக்காகவே தின்கின்றன, நாம் சோறு தின்பது போல. தின்றதை எரித்துக் காபனீரொட்சைட்டும் வெப்பமும் விடுகின்றன. தங்கள் உடம்புக்குத் தேவைப்படாமல் மிஞ்சிய நைதரசனை அமோனியாவாக வெளியே தள்ளுகின்றன. நாம் "போசணையைத் திருப்பிக் கொடுத்தல்" என்று சொல்வது அவற்றின் கழிவைத்தான். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள்: டீசல் ஒருமுறைதான் எரியும், சில்லு திரும்பத் திரும்பச் சுற்றும், ஆனால் டீசல் எரிகிற வரைக்கும்தான் சுற்றும். சக்திப் பாய்ச்சலும் போசணைச் சுற்றும் இரண்டு தனி அத்தியாயங்கள் அல்ல, முதலாவது நின்றால் இரண்டாவதும் நின்றுவிடும்.

இதை வயலில் கண்ணாலேயே பார்க்கலாம். வைக்கோலை உழுது மண்ணுக்குள் விட்ட கையோடு விதைத்தால் பயிர் கொஞ்ச நாளைக்கு மஞ்சளித்து நிற்கும். பழைய விவசாயிகளுக்கு இது நன்றாகத் தெரியும். காரணம் இதுதான்: வைக்கோலில் ஒரு பங்கு நைதரசனுக்கு அறுபது, எழுபது பங்கு காபன் இருக்கிறது. பற்றீரியாவின் உடம்பிலோ ஒன்றுக்குப் பத்துக்கும் குறைவு. காபனில் பெரும்பகுதியைச் சக்திக்காக எரித்த பிறகும் அவற்றுக்கு நைதரசன் போதாது, அதனால் மண்ணில் கிடக்கும் நைதரசனையும் எடுத்துக்கொள்கின்றன. பயிருக்குப் போட்டி வந்துவிட்டது. சில கிழமைகள் போய்ச் சாப்பாடு தீர்ந்து பற்றீரியாக்கள் சாகும்போதுதான் நைதரசன் திரும்பி வரும். கிளிறிசீடியா இலையில் இந்த விகிதம் இருபதுக்கும் குறைவு, அதனால் அது போட்ட உடனேயே கொடுக்கத் தொடங்கும். எல்லைக்கோடு ஏறத்தாழ இருபத்தைந்து. கூட்டெருக் குவியலுக்கு வைக்கோலையும் பச்சை இலையையும் சாணத்தையும் கலந்து போடச் சொல்வதன் கணக்கும் இதுதான்.

வாவியில் இன்னும் அழகாக நடக்கிறது. கண்டல், கண்ணா, கிண்ணை மரங்களின் இலையைப் பச்சையாகத் தின்னும் உயிர்கள் குறைவு. தனின் நிறைந்த, துவர்ப்பான இலை. அது பழுத்துத் தண்ணீரில் விழுந்து துவர்ப்பு கரைந்து போனதும் பங்கசும் பற்றீரியாவும் ஏறிக் குடியேறுகின்றன. அவை தண்ணீரிலிருந்தும் நைதரசனைப் பிடித்துத் தங்கள் உடம்பில் சேர்ப்பதால், உக்க உக்க அந்த இலைத்துண்டில் புரதத்தின் பங்கு கூடுகிறது! இறாலும் கூனியும் நண்டும் அதைத் தின்னும்போது பெரும்பாலும் செரிப்பது அதன் மேல் இருக்கும் நுண்ணுயிர்களைத்தான். நார் அப்படியே வெளியே வரும், அதன் மேல் மறுபடி பங்கசு ஏறும், மறுபடி யாராவது தின்பார்கள். 1970களின் தொடக்கத்தில் புளோரிடாவின் கண்டற் காடுகளில் வில்லியம் ஓடமும் எரிக் ஹீல்டும் இந்த உக்கல் உணவுச் சங்கிலியை விளக்கிக் காட்டினார்கள். வில்லியம், மேலே சொன்ன ஹவார்டின் அண்ணன் மகன். அந்தக் குடும்பத்துக்கே இதுதான் வேலை. கண்டலை வெட்டினால் இறால் குறையும் என்று மீனவர்கள் சொல்வதற்குப் பின்னால் இந்தச் சங்கிலியும் இருக்கிறது. குஞ்சுகள் ஒளிந்திருக்க இடமில்லாமல் போவது இன்னொரு காரணம்.

இப்போது அப்பாவின் யூரியா மூடைக்கு வருவோம்.

நெல்லில் நைதரசன் ஏறத்தாழ 1.2 வீதம். அந்த 2,000 கிலோ நெல் வயலை விட்டுப் போகும்போது 24 கிலோ நைதரசனைக் கொண்டு போகிறது. யூரியாவில் 46 வீதம் நைதரசன், 50 கிலோ மூடையில் 23 கிலோ. ஆக ஒரு ஏக்கர் விளைச்சல் லொறியில் ஏறும்போது அதோடு ஒரு மூடை யூரியாவும் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நெல்லைச் சோறாக்கித் தின்றவர்களின் கழிவு வயலுக்குத் திரும்பி வருவதில்லை, அவரவர் ஊர் மலசலகூடக் குழிக்குள் போகிறது. வட்டம் அறுந்த இடம் அதுதான்.

அப்படியென்றால் ஏக்கருக்கு ஒரு மூடை போதுமே? போதாது. சேற்று வயலில் போட்ட யூரியாவில் பயிர் எடுப்பது பெரும்பாலும் முப்பது, நாற்பது வீதம்தான். நின்ற தண்ணீரில் யூரியாவை வீசினால் யூரியேசு நொதியம் அதை அமோனியமாக மாற்றுகிறது. நல்ல வெயில் நேரத்தில் தண்ணீரில் இருக்கும் பாசி காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதால் தண்ணீர் காரத்தன்மையாகிறது. காரநீரில் அமோனியம் அமோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடும். மிஞ்சியதில் ஒரு பகுதி சேற்றின் மேற்படையில் ஒட்சிசன் இருக்கும் மெல்லிய அடுக்கில் நைத்திரேற்றாகிறது. அது கீழே, ஒட்சிசன் இல்லாத சேற்றுக்குள் இறங்கியதும் அங்கிருக்கும் பற்றீரியா அதை நைதரசன் வாயுவாக்கி விட்டுவிடும். நைதரசனிறக்கம் என்று படித்திருப்பீர்கள். தண்ணீர் வற்றுவதும் கட்டுவதும் மாறி மாறி நடந்தால் இந்த இழப்பு கூடும்.

யூரியா எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். காற்றில் 78 வீதம் நைதரசன் இருந்தும் எந்தத் தாவரத்தாலும் அதை நேரே எடுக்க முடியாது. பயறு, கௌபி வேர் முடிச்சில் இருக்கும் பற்றீரியாவும், வயல் தண்ணீரில் வளரும் நீலப்பச்சைப் பாசியும், அசோலாவுக்குள் வாழும் பாசியும் அதைப் பதிக்கும். பசளை மூடை இல்லாத காலத்திலும் நெல் விளைந்ததற்கு இவையும் வெள்ளம் கொண்டுவந்த வண்டலும் மாடும் காரணம். விளைச்சல் குறைவாக இருந்தாலும் ஆண்டாண்டாக விளைந்தது. யூரியாவுக்கு மூலமான அமோனியாவைக் காற்று நைதரசனிலிருந்து ஆக்கலாம் என்று 1909இல் பிரிட்ஸ் ஹேபர் ஆய்வுகூடத்தில் செய்து காட்டியதை 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவில் தொழிற்சாலையாக்கினார்கள். பெரும்பாலும் இயற்கை வாயுவைக் கொண்டுதான் இன்றைக்கும் அது நடக்கிறது. நாம் தின்னும் சோற்றில் இருக்கும் சக்தி வெயிலிலிருந்து வந்தது, அதன் நைதரசனுக்குப் பின்னால் ஏதோ ஒரு நாட்டின் எரிவாயுக் கிணறு இருக்கிறது.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியபோது அம்பாறை, மட்டக்களப்பு விவசாயிகள் பட்ட பாட்டை நீங்கள் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். நவம்பரில் தடையை நீக்கினார்கள், ஆனால் அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது விழுந்ததுதான். சேதனப் பசளை கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கைப் பார்க்காமல் செய்தார்கள் என்றுதான் சொல்கிறேன். கூட்டெருவில் நைதரசன் ஒரு வீதம் என்றால் 24 கிலோவுக்கு ஏக்கருக்கு 2,400 கிலோ வேண்டும். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான், மிச்சம் பின்னால் வரும் போகங்களில் மெதுவாகத்தான் வரும். இத்தனை எருவை ஒரே ஆண்டில் எங்கே போய் எடுப்பது?

பொற்றாசியத்தின் கதை வேறு. பயிர் எடுத்த பொற்றாசியத்தில் எண்பது வீதத்துக்கு மேல் வைக்கோலில் இருக்கிறது. வைக்கோல் வயலிலேயே கிடந்தால் அந்த வட்டம் ஏறத்தாழ மூடியே இருக்கும். மெசினால் வெட்டியதும் வரிசையாகக் கிடக்கும் வைக்கோலுக்குத் தீ வைத்தால் நைதரசன் அநேகமாக முழுவதும் புகையோடு போகும். பொற்றாசியம் பெரும்பாலும் சாம்பலில் தங்கும், ஆனால் வைக்கோல் கிடந்த வரிசையில் மட்டும், அதுவும் அடுத்த மழை கழுவும் வரைக்கும். தீ வைப்பவர்களின் அவசரம் விளங்குகிறது, ஆனால் எரிவது பசளைக் காசுதான்.

இந்த இடத்தில் நமது மாட்டுப்பட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேளாண்மைக் காலத்தில் மாடுகளை மாதவணை, மயிலத்தமடு போன்ற மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டு போவதும், வெட்டு முடிந்ததும் வட்டைக்குள் தாளடியில் மேயவிடுவதும் இங்கே பழைய வழக்கம். மாடு தின்ற நைதரசனில் முக்கால் பங்குக்கு மேல் சாணமாகவும் சிறுநீராகவும் வெளியே வந்துவிடும். பாலிலும் தயிரிலும் போவது கொஞ்சம்தான். உக்க மாதக்கணக்கில் எடுக்கும் தாளை மாட்டின் வயிற்றிலிருக்கும் நுண்ணுயிர்கள் இரண்டு மூன்று நாளில் முடித்துக் கொடுக்கின்றன. மேய்ச்சல் தரைப் பிரச்சினையை நிலப் பிரச்சினையாக மட்டும் பேசுகிறோம், அது பசளைப் பிரச்சினையும்தான்.

பொசுபரசுக்கு வாயு நிலை இல்லை. காற்றிலிருந்து திரும்பி வர வழியே கிடையாது. பாறை கரைந்து மண்ணுக்கு வரும், ஆற்றோடு போய்க் கடலடியில் படியும். அது மறுபடி பாறையாகி மேலே எழும்பி வர கோடிக்கணக்கான ஆண்டு ஆகும். 1971இல் அனுராதபுர மாவட்டத்தில் எப்பாவலையில் பொசுபேற்றுப் படிவைக் கண்டுபிடித்தார்கள். நமக்கென்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது மெதுவாகக் கரைவதால் தேயிலை, தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்குத்தான் சரிவரும். மூன்றரை மாத நெல் அதற்காகக் காத்திருக்காது.

வயலில் ஒழுகியது காற்றுக்குப் போகாவிட்டால் வாவிக்குத்தான் வரும். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை வயல்களின் வடிகால்கள் போய்ச் சேருமிடம் 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவி. அளவோடு வந்தால் அதுவே மீனுக்கு உணவு. நிலத்திலிருந்து ஒன்றும் வராத வாவியில் மீனும் இருக்காது. அளவு மீறினால் பாசி பொங்கும். பாசி செத்ததும் பற்றீரியாக்கள் அதைத் தின்னப் புகுந்து தண்ணீரின் ஒட்சிசனை முடிக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சுக்குத் தவிப்பது அதனால்தான், இரவு முழுவதும் ஒளித்தொகுப்பு இல்லாமல் சுவாசம் மட்டும் நடந்திருக்கும். அடிச்சேற்றில் ஒட்சிசன் தீர்ந்ததும் இன்னொன்றும் நடக்கும்: அதுவரை இரும்போடு ஒட்டிக் கிடந்த பொசுபரசு விடுபட்டு மேலே வந்து அடுத்த பாசிக்குத் தீனியாகும். வாவிக்கு வரும் பசளையை இன்றைக்கே நிறுத்தினாலும் பழைய சேறு பல ஆண்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) பரவுவதும் இதே உபரியில்தான். முகத்துவாரம் மணலால் மூடி, மழைத்தண்ணீர் நிறைந்து, உப்பு குறைந்த காலத்தில் அது கொழிக்கும். ஆற்றுவாய் வெட்டிக் கடல்நீர் ஏறினால் உப்பு தாங்காமல் சாகும். செத்து அங்கேயே அழுகினால் அது உறிஞ்சிய போசணை அத்தனையும் திரும்ப வாவிக்குத்தான். சிரமதானம் செய்து அள்ளிக் கரையிலேயே குவித்து வைப்பதும் பெரும்பாலும் வீண், அடுத்த மழை அதன் சாற்றைத் திருப்பிக் கொண்டு வந்துவிடும். கரையிலிருந்து தூரமாக எடுத்துப் போய்க் கூட்டெருவாக்கி வயலுக்கோ தோட்டத்துக்கோ போட்டால் மட்டும்தான் அறுந்த வட்டத்தின் ஒரு முனையைப் பிடித்துக் கட்டியதாகும்.

காடு இதற்கு எதிர்ப்பக்கம். அமெரிக்காவின் ஹபார்ட் புறூக் காட்டில் 1965ஆம் ஆண்டு முடியும் நேரத்தில் ஒரு நீரேந்து பகுதியின் மரங்களை முழுவதும் வெட்டி, வெளியேறும் ஓடைநீரை அளந்தார்கள். வெட்டாத காட்டிலிருந்து நைத்திரேற்று கொஞ்சமாகத்தான் வந்தது, வெட்டிய பகுதியிலிருந்து அதைப்போலப் பல பத்து மடங்கு கொட்டியது. பிரிகையாக்கிகள் வழக்கம்போல் வேலை செய்தன, எடுத்துக்கொள்ள வேர் இல்லை, அவ்வளவுதான். பாசிக்குடா முருகைக்கல்லிலும் இந்தச் சிக்கனம் உண்டு. அங்கே கழிவும் உணவும் ஒரே உடம்புக்குள், முருகை உயிருக்கும் அதன் இழையத்தில் வாழும் பாசிக்கும் இடையே கைமாறுகின்றன. அதனால்தான் போசணை குறைந்த தெளிந்த தண்ணீரிலும் அவ்வளவு உயிர்.

நேரடியாகக் கேட்காவிட்டாலும் அடுத்து வரக்கூடிய கேள்வி ஒன்று: சக்தி நிறைய இருக்கும் பொருளை எல்லாம் பிரிகையாக்கிகள் தின்றுவிடுமா? இல்லை. பொலித்தீனில் கிலோவுக்கு ஏறத்தாழ டீசல் அளவு சக்தி, வைக்கோலைப் போல மூன்று மடங்கு. ஆனால் அந்தக் காபன் சங்கிலியை வெட்டும் நொதியம் அநேகமாக எந்த உயிரிடமும் இல்லை. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் அதைத் தின்று செத்தது இந்தப் பூட்டால்தான்.

கடைசியாகப் பரீட்சைக்கு. படம் வரையச் சொன்னால் சக்தி அம்புகளை மேலே போகப் போக மெலிதாக்குங்கள், ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் வெப்பத்துக்கு ஒரு அம்பு வெளியே போகட்டும். பிரிகையாக்கிப் பெட்டியிலிருந்தும்தான். பலர் தவறவிடுவது அந்த ஒரு அம்பைத்தான், உங்கள் முதல் கேள்வி பிறந்ததும் அது இல்லாத படத்திலிருந்தாக இருக்கலாம். போசணை அம்புகளை வட்டமாக வரைந்துவிட்டு, வயல் என்று கேட்டிருந்தால் மூன்று இடத்தில் வெளியே இழுங்கள்: நெல்லோடு, காற்றோடு, வடிகாலோடு. உள்ளே வரும் அம்புக்குப் பக்கத்தில் யூரியா என்று எழுதலாம்.